சன்னாசி வீட்டுக்கு வந்த வேலைக்காரன்

1985ஆம் ஆண்டு ஆகஸ்டு பத்தாம் தேதி, சனிக்கிழமை பிற்பகல், மலேசியாவின் ஈப்போ நகரில், புந்தோங்கில் ஒரு மலிவுவிலை வீட்டின் முன்னால் மின்சாரச் சாமான் கடையின் வேன் வந்து நின்றது. அதிலிருந்து இரண்டு பேர் ஓர் அட்டைப்பெட்டியை இறக்கிக் கூடத்தில் வைத்தார்கள். பெட்டிக்குள் ஜப்பானில் செய்த, மனித உருவம் கொண்ட வீட்டு ரோபோட் ஒன்று இருந்தது.

நவமணி சமையல்கட்டு வாசலில் நின்று பெட்டியைப் பார்த்தாள். உயரம் சரியாக இருந்தது. அகலம்தான் உதைத்தது. கடைவாசலில் அவள் பல தடவை நின்று பார்த்த வாஷிங் மெஷின் இத்தனை ஒல்லி கிடையாது.

"என்னங்க, இது அதுதானா?"

"அதைவிட மேல," என்றான் சன்னாசி. குழந்தைக்குத் தலை வாருகிறவனைப் போல அத்தனை பதமாக அட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

முதலில் ஒரு தலை தெரிந்தது. பிறகு இரண்டு கை. இடுப்புக்குக் கீழே கால் இல்லை. பாவாடை கட்டியது போல ஒரு வெள்ளைப் பெட்டி, அதன் அடியில் நாலு சக்கரம். நிமிர்த்தி வைத்தபோது அது அவர்களுடைய சின்ன மகளின் உயரம் இருந்தது. நவமணி தன் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கோபம் வரும்போது விரல்கள் மடங்கும். மடங்கினால் தோல் வெடிக்கும்.

அவள் ஒரு மின்னணுக் கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், சர்க்கியூட் பலகை துடைக்கும் லைனில் இருந்தாள். பலகை துடைக்கிற திரவம் விரலைத் தின்றது. வீட்டுக்கு வந்தால் சோப்புத் தண்ணீர் மிச்சத்தைத் தின்றது. சன்னாசி வேலை செய்தது மார்பிள் பட்டறையில், கல் அறுக்கும் ரம்பத்தில். அவன் சட்டையில் படிந்து வரும் வெள்ளைத் தூள், தண்ணீர் பட்டதும் களிம்பு மாதிரி இறுகிக்கொள்ளும். தேய்க்காமல் போகாது. இரண்டு மகள்களின் பள்ளிச் சட்டைகள் வேறு. கிலாங்கின் நர்ஸ் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சோப்பில் கை வைக்கக்கூடாது, செப்டம்பர் கடைசியில் மறுபடி பார்ப்பேன், ஆறவில்லை என்றால் லைனில் உட்கார முடியாது என்று சொல்லியிருந்தாள். அந்த வருஷம் ஈப்போவில் ஒவ்வொரு கிலாங்கிலும் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். லைனில் உட்கார முடியாதவளுக்கு வேறு நாற்காலி தேடித்தரும் காலமாக அது இல்லை.

கிலாங்குப் பெண்கள் மாதாமாதம் கூட்டுப் போடுவார்கள்; ஒவ்வொரு மாதமும் ஒருத்தி முழுவதையும் எடுத்துக்கொள்வாள். நவமணி தன் முறைக்குக் காத்திருந்தாள். முறை வந்தது. அன்று அவளுக்கு ஷிப்டு. பணத்தைப் புருஷன் கையில் கொடுத்து, வாஷிங் மெஷின், இரட்டைத் தொட்டி வைத்தது, கடையில் இடதுபக்கம் இரண்டாவதாக நிற்பது என்று அடையாளமும் சொல்லி அனுப்பினாள். அந்த மெஷினின் முழுவிலை, இந்த ரோபோட்டுக்கு முன்பணம். பாக்கியைத் தவணையில் கட்ட வேண்டும்.

"இது துணி துவைக்குமா?"

"நவமணி, வாஷிங் மெஷின் ஒரே ஒரு வேலைதான் செய்யும். சேல்ஸ்மேன் அழகா கேட்டான்லா, 'அண்ணே, ஒரு வேலை செய்யிற ஆளு வேணுமா, எல்லா வேலையும் செய்யிற ஆளு வேணுமா?'ன்னு."

"துணி துவைக்குமான்னு கேட்டேன்."

"அது அடுத்த மாடல்லயாம்."

சன்னாசி கையைத் தட்டினான். ரோபோட்டின் நெஞ்சில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. மூக்கடைத்த வெள்ளைக்காரன் குரலில் அது சொன்னது: "யெஸ், மாஸ்டர்."

சன்னாசி மனைவியைத் திரும்பிப் பார்த்தான். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் மகன் அவன். ஐயா என்றும் துரை என்றும் பிறரை அழைத்தே நாற்பது வயதைத் தாண்டியவன். அவன் முகத்தில் இருந்ததைப் பார்த்ததும், அன்றைக்குச் சொல்ல வேண்டியதை நவமணி நாளைக்கு ஒத்திவைத்தாள். அது தப்பு என்று பிற்பாடு நினைத்துக்கொண்டாள். ஏழு நாளைக்குள், அடிபடாமல் இருந்தால், கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான்.

மாலையில் சன்னாசியின் அக்கா கருப்பம்மாள் அடுத்த தெருவிலிருந்து தாம்பாளத்தோடு வந்துவிட்டாள். தேங்காய், சூடம், குழைத்த சந்தனம், குங்குமம், நாலு எலுமிச்சம்பழம்.

"எதுக்கு அண்ணி இதெல்லாம்?" என்றாள் நவமணி.

"புது வண்டி வாங்குனா பூசை போடாம ஓட்டுவீங்களா? ஏன்டா தம்பி, இதுக்குச் சக்கரம் இருக்குல்ல?"

"இருக்குக்கா."

"அப்ப வண்டிதான்."

ரோபோட்டின் நெற்றி நடுவில், வெள்ளிக்காசு அளவில் ஒரு கறுப்புக் கண்ணாடி வட்டம் இருந்தது. கருப்பம்மாள் அதை உற்றுப் பார்த்துவிட்டு மனம் குளிர்ந்து போனாள்.

"பொட்டு வைக்க இடம் விட்டே செஞ்சிருக்கான் பாரு, ஜப்பான்காரன்."

வட்டம் முழுவதும் மறையும்படி சந்தனத்தை அப்பி, மேலே குங்குமத்தை அழுத்தினாள். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாள். சூடம் காட்டி, "ஓட்டு தம்பி" என்றாள். சன்னாசி ரிமோட்டை அழுத்தினான். மூன்று பழம் நசுங்கியது. நாலாவது நசுங்காமல் உருண்டு, அடிப்பெட்டிக்குள் ஏறி, எங்கேயோ போய் மாட்டிக்கொண்டது. ரோபோட் முக்கியது, நடுங்கியது, பிறகு பாய்ந்துபோய் அலமாரியில் மோதியது. நல்ல சகுனம் என்றாள் கருப்பம்மாள்.

அந்த நெற்றி வட்டம்தான் அதன் கண். முன்னால் பொருள் இருந்தால் நின்று வழிமாற வேண்டும் என்று அதற்குச் சொல்வது அதுதான். இது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. விளக்கப் புத்தகம் ஜப்பான் மொழியிலும் இங்கிலீஷிலும் இருந்தது. சன்னாசி அதைப் பத்திரமாகப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். எனவே ரோபோட் நாற்காலியில் மோதியது, சுவரில் மோதியது, சாமி படத்துக்குக் கீழிருந்த குத்துவிளக்கைத் தள்ளியது. புதுசு, பழகணும் என்றான் சன்னாசி. மாட்டைச் சொல்ற மாதிரி பேசுறீங்க என்றாள் நவமணி.

வாரம் கழிந்து கடையிலிருந்து ரிப்பேர்காரன் வந்தான். சின்ன வயசுச் சீனன். நெற்றிக் கண்ணாடியைத் திருகி எடுத்து, உள்ளே காய்ந்து கல்லாகியிருந்ததை முகர்ந்து பார்த்தான். அடிப்பெட்டியைக் கழற்றினான், பற்சக்கரத்திலிருந்து எலுமிச்சை விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தான். மலாய்மொழியில், வாரண்டி முடிந்தது என்றான். இனித் திருப்பி எடுக்கவும் முடியாது.

"சாமி பொட்டு வெச்சா வாரண்டி போயிருமா? அது என்னா வாரண்டி?" என்று கருப்பம்மாள் அவனோடு மல்லுக்கு நின்றாள். அவன் தன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். போகும்போது கதவருகே நின்று, விதையைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தான். அது என்னவென்று நவமணி கேட்கவில்லை.

கண் சரியான பிறகு ரோபோட் மோதுவதை நிறுத்தியது. வேலை செய்ய ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. அதன் கையில் ஒரு தட்டைப் பொருத்தினால், தட்டில் வைத்ததைச் சுமந்து போகும். ஆனால் சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு படி உண்டு. அதைத் தாண்டத் தெரியாது. ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ராத்திரி முழுக்க மின்சாரத்தில் மாட்டி வைக்க வேண்டும். பெருக்காது, துடைக்காது, பாத்திரம் தொடாது. தண்ணீர் படக்கூடாது என்று கழுத்தில் ஓர் அட்டையே தொங்கியது. சத்தம் கேட்டால் மட்டும் "யெஸ், மாஸ்டர்" என்று சொல்லும். எந்தச் சத்தமும். தெருவில் ரொட்டிக்காரர் ஹாரன் அடித்தால் யெஸ், மாஸ்டர். குக்கர் விசிலடித்தால் யெஸ், மாஸ்டர். சன்னாசிக்கு இயல்பிலேயே மெல்லிய குரல். அவன் கூப்பிட்டால் அது காதில் வாங்காது. கை தட்டியே ஆக வேண்டும்.

இதோடு போயிருந்தால் நவமணி பொறுத்திருப்பாள். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் தெருக்காரர்கள். பிறகு மார்பிள் பட்டறை ஆட்கள். பிறகு கருப்பம்மாள் சொல்லி அனுப்பி, தாப்பாவிலிருந்து சொந்தக்காரர்கள். மெர்டேக்கா என்ற சுதந்திர தின லீவு அன்று, சன்னாசி பிறந்து வளர்ந்த தோட்டத்து ஆட்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். ரப்பரை அழித்து எண்ணெய்ப்பனை நட்ட பிறகு ஆளுக்கொரு திக்காகப் போனவர்கள். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் தவிர ஒன்றுசேராதவர்கள். அத்தனை பேரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூடத்தில் பாய்மேல் உட்கார்ந்தார்கள். வீடு தேடி வந்தவர்களை ஒரு வாய் டீ கொடுக்காமல் எப்படி அனுப்புவது? அந்தக் குடும்பங்களில் அது நடக்காத காரியம். வெறும் டீயும் கொடுக்க முடியாது, பிஸ்கட்டாவது வேண்டும். தாப்பாக்காரர்கள் சாப்பிட்டுவிட்டே போனார்கள்.

நவமணி டீ போட்டாள். கிளாஸ்கள் போதாமல் பக்கத்து வீட்டு இருளாயியிடம் இரவல் வாங்கினாள். டீயைச் சமையல்கட்டிலிருந்து எடுத்துவந்து, படி இறங்கி, ரோபோட்டின் தட்டில் வைத்தாள். அது நாலடி தூரம் உருண்டு போய் விருந்தாளியின் முன்னால் நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டியதும் அது யெஸ், மாஸ்டர் என்றது. அதற்கு மறுபடியும் கை தட்டினார்கள். அதற்கு மறுபடியும் யெஸ், மாஸ்டர்.

"பாரேன்! டீ கொண்டாந்து குடுக்குதே!" என்றார் ஒரு பெரியவர்.

"போட்டதும் அதுதானா?" என்று இன்னொருவர் கேட்டார்.

"இல்ல மாமா, நான்தான்," என்றாள் நவமணி.

"அப்படியா. சீனி கொஞ்சம் தூக்கல்."

எல்லாரும் போன பிறகு கிளாஸ்களைக் கழுவினாள். பாய்களைத் துவைத்தாள், ஏனென்றால் யாரோ ஒரு குழந்தை அதிலேயே ஒன்றுக்கு இருந்துவிட்டது. பின்கட்டில் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவளை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இருளாயி எட்டிப் பார்த்தாள்.

"உனக்கென்னா நவமணி, வீட்டோட வேலைக்காரன். மகாராணி."

"ஆமாலா. அவனுக்கு ஒரு கையாள் வேணும். அதுக்கு நான்."

"சாப்புடுமா?"

"கரண்டு குடிக்குது. அதுக்கு மட்டும் நேரம் தவறாது."

"அடுத்த மாசம் என் தம்பி வூட்ல பாரிட் புந்தார்லேர்ந்து வாராங்க. உங்க வூட்டைக் காட்டணும்ங்கிறாங்க."

"கிளாஸ் நீயே எடுத்துட்டு வா," என்றாள் நவமணி. வலது கையின் இரண்டு விரல்களிலிருந்து சோப்பு நுரையில் ரத்தம் கலந்துகொண்டிருந்தது.

அன்றிரவு சாப்பாட்டின்போது கையை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். சன்னாசி பார்த்தான். மருந்து போடு என்றான். மருந்து போட்டுவிட்டு எந்தக் கையால் துவைப்பது என்று கேட்டாள். அவன் யோசித்தான், நிஜமாகவே யோசித்தான். அவன் கெட்டவன் இல்லை. அவன் துணி துவைத்து அந்தக் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்த யோசனை மட்டும் அவனுக்கு வரவில்லை.

"கிராணி ஐயா மட்டும் ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போகட்டும்," என்றான் கடைசியில். "அப்புறம் யாரையும் கூப்பிடலை. சத்தியமா."

கிராணி ஐயா என்று அவன் சொன்னது மயில்வாகனத்தை. யாழ்ப்பாணத்துக்காரர். அந்தத் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்று, ஈப்போவிலேயே வீடு கட்டிக்கொண்டு இருந்தார். சன்னாசி பையனாக இருந்தபோது அவர் பங்களாவின் பின்வாசலில் நின்று விறகு போட்டிருக்கிறான். கூடம் எப்படியிருக்கும் என்று பார்த்ததில்லை. இப்போது அவரைத் தன் கூடத்தில் உட்கார வைக்க வேண்டும். அவர் கண்ணெதிரே தன்னை ஒன்று மாஸ்டர் என்று அழைக்க வேண்டும். அவன் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பதினாறு வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மயில்வாகனம் வந்தார். வெள்ளைக் கால்சட்டை, கைத்தடி, கூடவே வெற்றிலைப் பெட்டி. சன்னாசி அவருக்காகப் பிரம்பு நாற்காலி ஒன்றை இரவல் வாங்கிப் போட்டிருந்தான். அவர் உட்கார்ந்தார், அவன் நின்றான். உட்காரச் சொல்லி அவர் சொல்லவில்லை. அவனுக்கும் அது தோன்றவில்லை.

"இதுவோ? சின்னப் பெடியன் மாதிரிக் கிடக்கு," என்றார். "கதைக்குமோ?"

"பேசும் ஐயா." சன்னாசி கை தட்டுவதற்குக் கையை உயர்த்தினான்.

அதற்குள் மயில்வாகனம் கைத்தடியைத் தரையில் ஊன்றிக் கூப்பிட்டுவிட்டார். "டேய்! இங்க வா!"

முப்பது வருஷம் விடியற்காலைப் பெரட்டு வரிசைக்கு முன்னால் நின்று, இருட்டுக்குள் கடைசி வரிசை வரைக்கும் பேர் கூப்பிட்ட குரல். தெருவில் நாய் குரைத்தது. ரோபோட்டின் நெஞ்சில் விளக்கு எரிந்தது.

"யெஸ், மாஸ்டர்."

மயில்வாகனம் வாய்விட்டுச் சிரித்தார். "சொல்வழி கேக்குது! நல்ல வேலைக்காரன். டேய், தேத்தண்ணி கொண்டு வா!"

"யெஸ், மாஸ்டர்."

சொல்லிவிட்டு அது நின்ற இடத்திலேயே நின்றது. நகர வேண்டுமானால் ரிமோட்டை யாராவது அழுத்த வேண்டும். சன்னாசி அவர் கண்ணில் படாதபடி அதன் பின்னால் குனிந்து ரிமோட்டை அழுத்தினான். நவமணி டீயைத் தட்டில் வைத்தாள். அது உருண்டு போய் அவர் முன் நின்றது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"கொண்டு போ! சீனி காணாது."

"யெஸ், மாஸ்டர்."

சன்னாசி குனிந்தபடியே அழுத்தினான். அது படிவரை வந்தது. நவமணி சீனி போட்டாள். அது திரும்பிப் போனது. பிறகு மயில்வாகனத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. இடப்பக்கம் போ என்றார். வலப்பக்கம் திரும்பு என்றார். வெற்றிலைப் பெட்டியை எடு என்றார். அதற்கு எடுக்கத் தெரியாது என்பதால் சன்னாசி எடுத்து அதன் தட்டில் வைத்து, பின்னால் ஓடி, ரிமோட்டை அழுத்தி அனுப்பினான். ஒவ்வொரு தடவையும் அவர் இயந்திரத்தைப் பார்த்தே அதட்டினார். ஒவ்வொரு தடவையும் ஓடியது சன்னாசி. யெஸ், மாஸ்டர் என்று மட்டும் அது சொல்லிக்கொண்டிருந்தது.

நவமணி படியில் நின்று இதைப் பார்த்தாள். அவள் புருஷனின் பின்கழுத்து வியர்த்திருந்தது.

பெட்டரி தீர்ந்து ரோபோட் நின்ற பிறகுதான் மயில்வாகனம் எழுந்தார். மூன்று டீ குடித்திருந்தார்.

"நல்ல சாமான் சன்னாசி. எங்கட காலத்தில இது இருந்திருந்தால் உங்கட ஆக்களோட நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கத் தேவையில்லை. வாற ஞாயிறு தியாகராஜாவையும் கூட்டிக்கொண்டு வாறன். அவர் ரெயில்வேயில இருந்தவர், மெஷின் எண்டால் விருப்பம்."

கார் போன பிறகும் சன்னாசி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றான். நவமணி பிரம்பு நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

"நாளைக்கு அரைநாள் லீவு போட்டுட்டுக் கடைக்குப் போறேன்," என்றாள்.

"அவன்தான் திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டானே."

"அதை அவன் என்கிட்ட சொல்லட்டும்."

"ஊர்ல சிரிப்பாங்க, நவமணி."

"சிரிக்கட்டும். சிரிச்சிட்டு டீ கேக்காமப் போனாச் சரி."

அவன் ரிமோட்டை மேசைமேல் வைத்தான்.

மறுநாள் ஈப்போ டவுனில், அந்தக் கடையில், முதலாளி, தவுக்கே லிம், கல்லாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விற்பனைப் பையன்கள் மூன்று பேர் பிரிட்ஜில் சாய்ந்து நின்றார்கள். வாங்க வந்தவர் என்று ஒருவர் இல்லை. இடதுபக்கம் இரண்டாவதாக நின்ற வாஷிங் மெஷின் அங்கேயே நின்றது.

நவமணி தனக்குத் தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொன்னாள். தவுக்கே பேப்பரை மடிக்காமலே தலையை ஆட்டினார். பொட்டு வைத்தார்கள், பழம் வைத்தார்கள், ஏழு நாளும் முடிந்துவிட்டது. முடியாது.

"உங்க கடையில இன்னிக்கு எத்தனை பேர் வந்தாங்க, தவுக்கே?"

அவர் பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார்.

"லீவு நாள்ல என் வீட்ல குடிக்கிற கிளாஸ் பத்தலை. மெர்டேக்கா அன்னிக்கு வேன்ல வந்தாங்க. பாரிட் புந்தார்லேர்ந்து வாராங்க. எல்லாம் அந்தப் பொம்மையைப் பாக்க. அது வேலை செய்யாது தவுக்கே, எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனா ஆள் கூட்டும். கூட்டம் வந்து எனக்கு என்னா லாபம்? உங்க வாசல்ல கூடுனா நீங்க பேன் விப்பீங்க, பிரிட்ஜ் விப்பீங்க."

தவுக்கே பேப்பரை மடித்தார். இந்த மாதிரி எத்தனையோ கதை கேட்டிருப்பவர் என்பது முகத்தில் தெரிந்தது. "பொய் சொல்றே," என்றார்.

"ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க."

இடையிலிருந்த அந்த வாரத்தில் நவமணி குழாயடிக்குப் போக மறுத்துவிட்டாள். துணி மூட்டையாகக் குவிந்தது. வியாழக்கிழமை பட்டறைக்குப் போட்டுப்போகச் சட்டை இல்லாமல் சன்னாசியே குழாயடியில் உட்கார்ந்தான். மகள்களின் வெள்ளைச் சட்டையில் நீலம் திட்டுத்திட்டாக நின்றது. அவன் சட்டையில் மார்பிள் தூள் விறைத்துக்கொண்டது; கொடியிலிருந்து எடுத்தபோது அது தானாக நின்றது. இருளாயி வேலிக்கு மேல் பார்த்துவிட்டு, கூப்பிட்டுக் காட்ட வேறு ஆள் தேடிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை தவுக்கே வந்தார். உள்ளே நுழைய வழியில்லை. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. கூடத்தில் பாரிட் புந்தார் ஆட்கள். நாற்காலியில் மயில்வாகனமும் அவர் அழைத்து வந்திருந்த தியாகராஜாவும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருப்பிள்ளைகள். மயில்வாகனம் தியாகராஜாவிடம், "நீர் ஒருக்கால் கூப்பிட்டுப் பாரும், பயப்படாதேயும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரிமோட் கருப்பம்மாளின் கையில் இருந்தது. சன்னாசி பின்கட்டில் இருந்தான். அன்று அவன் கூடத்துக்கு வரவேயில்லை.

தவுக்கே கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். நவமணி அவருக்கும் ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்தார்.

"கடையில நிக்கிற அந்த மெஷின் வேணும்," என்றாள்.

"அது விலை கூட ஏறிப்போச்சு."

"ரெண்டாவதா நிக்கிறது. பக்கத்துல நசுங்கியிருக்கே, அதைச் சொல்றேன். அதை வேற யாரும் வாங்க மாட்டாங்க."

அவர் கிளாஸை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பேரம் கொஞ்ச நேரம் நடந்தது. முடிவில், ரோபோட் கடைக்குத் திரும்ப வேண்டும், நசுங்கிய மெஷின் வீட்டுக்கு வர வேண்டும், முன்பணம் திரும்ப வராது, பாக்கித் தவணைகள் நின்றுவிடும் என்று ஆனது. தண்ணீர்க் குழாய் மெஷினோடு வராது. அதைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஜப்பான் மெஷின் விலைக்கு நசுங்கின தகரமா என்று கருப்பம்மாள் கத்தினாள். ரோபோட் அவளுக்கு யெஸ், மாஸ்டர் என்றது.

சன்னாசி வந்து கையெழுத்துப் போட்டான்.

செவ்வாய்க்கிழமை அதே வேன் வந்தது. இந்தத் தடவை இறக்கியதையும் ஏற்றியதையும் தெருவில் யாரும் நின்று பார்க்கவில்லை. ரோபோட்டைக் கடைவாசலில், மழை படாத இடமாகப் பார்த்து நிறுத்தினார்கள். பஸ் ஹாரனுக்கெல்லாம் அது பதில் சொல்லியது. முதல் வாரம் நல்ல கூட்டம். மயில்வாகனம் அங்கேயும் போய்வந்தார் என்று கேள்வி. ஆனால் கடையில் டீ கொடுக்க மாட்டார்கள்.

வாஷிங் மெஷினைச் சமையல்கட்டுக்குப் பின்னால் வைத்தார்கள். கருப்பம்மாள் தாம்பாளத்தோடு வந்தாள். நவமணி அவளைத் தடுக்கவில்லை. மெஷினின் மூடியைச் சாத்தி, பித்தான்கள் இருக்கும் பக்கத்தைச் சுவரோரமாகத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்று, நசுங்கிய இடத்தில் பொட்டு வைக்கச் சொன்னாள். அதைப் பார்க்க அதன் பிறகு யாரும் வரவில்லை.

செப்டம்பர் கடைசியில் கிலாங்கு நர்ஸ் நவமணியின் கைகளைப் பார்த்தாள். இடது கை ஆறியிருந்தது. வலது கையில் இரண்டு விரல் பாக்கி இருந்தது. அவளை லைனிலேயே வைத்துக்கொண்டார்கள். அடுத்த பரிசோதனை அக்டோபர் கடைசியில் என்று சொன்னார்கள்.